ப்ரைமஸுக்கு இரண்டு குச்சிகள்

1846 செப்டம்பர் 9

மழை. ஷூவின் மேல்தோல் ஈரம் குடித்துவிட்டது, ஊசி ஏறவில்லை. ஆறு ஜோடியோடு கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கொல்லைப் பட்டறையில் இன்று வாசிப்பு சைலஸ் முறை. ஒருவன் பத்திரிகை வாசிக்க, மற்ற மூவரும் அவன் பங்கு ஷூவுக்கும் சேர்த்து ஆணி அடிப்பார்கள். அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்தால் எல்லாம் எனக்குக் கேட்கும். விலைவாசி, சாவுச் செய்தி, மெக்சிகோவில் யாரோ ஒரு ஜெனரல் எதையோ பிடித்தது. பிறகு சைலஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய், தபித்தா அத்தை வந்திருக்காடா!" என்றான். சுத்தியல்கள் நின்றன.

*மூத்தவன டெக்சாஸுக்கு மூட்டகட்டி அனுப்பிட்டேன்,*
*எளையவன அடுத்தவாரம் எறக்கிவிடப் போறேன்டி;*
*மெக்சிகோக்காரன் என்னபண்ணான்னு மெனக்கெட்டுக் கேக்காத,*
*பக்கத்துவீட்டுக்காரி மவன் போயிட்டான், அதுபோதும்டி!*

லெம் சிரித்த சிரிப்பில் பட்டறைக் கதவு அதிர்ந்தது. என் தம்பியின் சிரிப்பை நூறு பேர் நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன்.

தபித்தா அத்தை என்று ஒருத்தி இந்த மாசசூசெட்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். அவள் நான்தான். எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும் தெரியும். கோடையில், இலக்கணம் பிசகாமல், சமாதான தேவதையையெல்லாம் கூப்பிட்டு ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்த வழியே திரும்பி வந்தது. அப்புறம் தபித்தா அத்தை என்ற பேரில், கிணற்றடியில் நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதினேன். உடனே போட்டுவிட்டார்கள்.

எதற்கு எழுதுகிறேன்? லெம் மெக்சிகோப் போருக்குப் போகக் கூடாது, அதற்குத்தான். தம்பட்டச் சத்தம் கேட்டால் அவன் கால் தானாகத் தாளம் போடுகிறது. அழுது தடுத்தால் போய்விடுவான். சிரிக்க வைத்தால் ஒருவேளை இருப்பான்.

செப்டம்பர் 17

எங்களுக்குத் தோல் தரும் ஷூ முதலாளி, எங்கள் சபையின் டீக்கன் தேயரும் சிரித்தாராம். தோல் கொண்டுவந்த வண்டிக்காரன் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெட்கக்கேடு.

அக்டோபர் 6

ஊர்ப் படைப் பயிற்சி நாள். புல்வெளி முழுக்க இஞ்சி ரொட்டி, ஆப்பிள் மது, துருப்பிடித்த துப்பாக்கிகள். சைலஸ் ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று தபித்தாவின் நான்கு பாட்டையும் சொன்னான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை இந்தப் பயிற்சிக்குத் தள்ளிவிட்ட அம்மாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள். "அக்கரை ஊர்ப் பொம்பளைங்க அச்சு அசலா இப்படித்தான்" என்றாள் ஒருத்தி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டால் எங்கள் ஊரைச் சொல்வார்கள்.

லெம் துப்பாக்கியோடு நடந்து வந்தான். நிமிர்ந்த முதுகு. இருபத்துநாலு வயது. குனிந்து ஆணி அடிக்கும்போது இந்த முதுகை நான் பார்த்ததே இல்லை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"தொப்பி கோணலா இருந்துச்சு."

"உனக்கு எப்பவும் ஒரு குத்தம்."

நவம்பர் 2

தெற்கிலிருந்து குச்சிக் கட்டு வந்துவிட்டது. வருஷா வருஷம் வருவதுதான். தோட்டத்து எஜமான் தன் அடிமைகள் ஒவ்வொருவரின் பாத நீளத்துக்கும் ஒரு குச்சி வெட்டி, அதில் பேர் எழுதி, கட்டாகக் கட்டி டீக்கன் தேயருக்கு அனுப்புவான். டீக்கன் பட்டறை பட்டறையாகப் பிரித்துக் கொடுப்பார். எங்கள் பங்கு நாற்பது. இடம் வலம் பார்க்காத முரட்டு ஷூ, எந்தக் காலிலும் எதையும் மாட்டலாம். அதனால் ஆளுக்கு ஒரு குச்சி போதும்.

இந்தக் கட்டில் ப்ரைமஸ் என்ற பேரில் இரண்டு குச்சிகள். ஒன்று சாதாரண நீளம். மற்றது அதில் பாதி.

லெம் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தான். "தப்பா வெட்டிட்டானுங்க போல" என்றான். குட்டைக் குச்சியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: வலது கால், தப்பி ஓடியதற்குப் பின்.

லெம் அதைக் கட்டுக்குள் செருகினான். 

நவம்பர் 5

இன்று அந்த ஜோடி. இடதுக்கு வழக்கமான மேல்தோல். வலதுக்கு ஒரு குழந்தை ஷூவின் அளவு, ஆனால் பெரியவரின் அகலம். அப்படி ஒரு வடிவத்துக்கு எங்களிடம் அச்சுக்கட்டை கிடையாது. லெம் ஒரு பழைய கட்டையை ரம்பத்தால் அறுத்தான். அறுத்துவிட்டு வெளியே போய்க் கை கழுவினான்.

நான் தைத்தேன். நன்றாகவே தைத்தேன். அதுதான் என்னைத் தின்கிறது — ஒரு தையல்கூடக் கோணவில்லை.

நவம்பர் 26

நன்றி கூறும் நாள். வான்கோழி, பூசணி, ஜெபம். டீக்கன் தேயர் அடிமைகளுக்காக உருக்கமாக ஜெபித்தார். அவர் நல்லவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் போன மனுவில் இரண்டாவது கையெழுத்து அவருடையது.

நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். இதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்ல பாட்டு. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 4

சைலஸ் வாசித்தான். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

*கட்டுகட்டாக் குச்சிவந்துச்சு, கணப்புக்கின்னு நெனச்சேன்டி;*
*ஒவ்வொண்ணுலயும் பேரிருக்கு, ஒக்காந்து படிச்சேன்டி.*
*ப்ரைமஸுக்கு மட்டும் ரெண்டு, ஒண்ணு நெட்ட ஒண்ணு குட்ட,*
*ஓடுற காலத் திருத்திட்டா ஒடயவன் தேடவேணாம்ல!*

*அடிமத்தனம் பாவந்தான்டி, ஞாயித்துக்கெழம பாடுவேன்;*
*திங்கக்கெழம விடிஞ்சதும்தான் தெச்சுக்குடுக்கேன், தப்பாடி?*

முதல் வரிக்குச் சிரித்தார்கள். மூன்றாம் வரிக்கு ஒருவன் பாதி சிரித்து நிறுத்தினான். கடைசி வரி முடிந்ததும் சுத்தியல் சத்தமும் இல்லை. ஷூவை நம்பித்தானே இந்த ஊரில் எல்லா அடுப்பும் எரிகிறது? மெக்சிகோப் பாட்டுக்குச் சிரித்தவர்கள் இதற்கு ஏன் சிரிக்க வேண்டும்?

சைலஸ் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "ரெட்டைக் குச்சி நம்ம பட்டறைக்குத்தானடா வந்துச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடவுளே. இத்தனை நாள் எத்தனை ஜாக்கிரதையாக இருந்தேன் — கையெழுத்தை மாற்றி, தபாலைப் பக்கத்து ஊரில் போட்டு. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் போகாத குச்சியைப் பாட்டில் வைத்துவிட்டேன். தொழில் தெரிந்தவள் செய்கிற முட்டாள்தனம். தெரியாதவள் எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள்.

லெம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. அதிசயமாகப் பார்த்தான்.

டிசம்பர் 5

டீக்கன் நேரிலேயே வந்துவிட்டார். கையில் பத்திரிகை. தொப்பியைக் கழற்றவில்லை.

"இந்தக் குச்சி வந்தது ஒரே கட்டுல. அந்தக் கட்டு போனது ஒரே பட்டறைக்கு. யாருடா தபித்தா?"

நால்வரும் தலை குனிந்திருந்தார்கள். நான் வாசலில் மாவுக் கையோடு நின்றேன். ஒரு எட்டு வைத்தால் போதும். சபையில் என் பேரைச் சொல்லி எழுப்பி நிற்க வைப்பார்கள், பெண்கள் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும் — இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது.

லெம் எழுந்தான். "நான்தான்."

"நீயா?"

"ஏன், எனக்கு எழுத வராதா?"

நான் அப்படியே நின்றேன். மாவு காய்ந்து விரலில் விரிசல் விட்டது.

டிசம்பர் 7

திங்கள். தோல் வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. சைலஸும் மற்ற இருவரும் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். சைலஸ் மட்டும் போகும்போது, "பாட்டு நல்லாத்தான்டா இருந்துச்சு, வேற ஊரைப் பத்தி எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

லெமிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. "சொல்லி? அப்பவும் தோல் வராது. உன் பேரும் நாறும். கொஞ்சம் பொறு, ஆறிடும்" என்றான். பொறுத்தேன். அவன் சொன்னதால் பொறுத்தேனா, எனக்கு அது வசதியாக இருந்ததால் பொறுத்தேனா?

டிசம்பர் 13, ஞாயிறு

நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. லெம் சத்தமாகப் பாடினான். வேண்டுமென்றே.

டிசம்பர் 19

லெம் அஞ்சு ஊர் நடந்து பார்த்துவிட்டு வந்தான். எல்லா ஷூ முதலாளிக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருவர், "பாட்டுக்காரனா? போய்ப் பாட்டைத் தின்னு" என்றாராம். அதைச் சொல்லிச் சிரித்தான். உதடு வெடித்திருந்தது.

இனி முடியாது என்று டீக்கன் வீட்டுக்குப் போனேன். கணப்பருகில் உட்கார வைத்தார், ஆப்பிள் பணியாரம் கொடுத்தார்.

"அந்தப் பாட்டெல்லாம் நான் எழுதினது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் வழிந்தது. "தம்பிக்காக இதுவரைக்கும் வந்துட்டியாம்மா கெசையா."

"சத்தியமா நான்தான்."

"சத்தியமெல்லாம் வேண்டாம். பொம்பளைக்கு இவ்வளவு நக்கல் வராதும்மா."

எல்லாப் பாட்டையும் அங்கேயே ஒப்பித்தேன். குச்சிப் பாட்டைக்கூட, அவர் முகத்தைப் பார்த்தே. "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்க" என்றார். புதிதாக ஒன்று இப்போதே சொல்கிறேன் என்றேன். சரி, சொல்லு என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஊரில் எதற்கும் வாய் மூடாத தபித்தா, அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டாள். கண்ணீர்தான் வந்தது. அவர் கைக்குட்டை கொடுத்தார்.

வாசலில் வைத்து ஒன்று சொன்னார்: "நான் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. பாஸ்டன்ல படைக்கு ஆள் எடுக்கறாங்க. படைச் சட்டையப் போட்ட பையன் எழுதின பாட்டை நான் மறந்துடுவேன். உனக்குத் தோலும் வரும். அவங்கிட்ட சொல்லிப் பாரு."

சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 22

ஒன்பது மைல் நடந்து பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். ஆசிரியர் பிளாட் என்னை முதல் தடவை பார்க்கிறார். என் கையெழுத்துப் பிரதிகளைக் கொடுங்கள், டீக்கனிடம் காட்டி, அவர் முன்னாலேயே அதே மாதிரி எழுதிக் காட்ட வேண்டும் என்றேன். அச்சுக் கோத்ததும் காகிதத்தை அடுப்பு மூட்ட எடுத்துக்கொள்வார்களாம். எல்லாம் எரிந்துவிட்டது.

அப்படியானால் ஒரு கடிதமாவது எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஷூ தைக்கிற ஒருத்தன் எழுதறான்னு ஊரே பேசுது. பாஸ்டன் பத்திரிகை ரெண்டு எடுத்துப் போட்டிருக்கு. அங்க பெரிய மனுஷங்க விருந்துல அந்தப் பேச்சு மாதிரியே பேசிப் பேசிச் சிரிக்கறாங்களாம். இப்பப் போய் அதைக் கெடுக்கணுமா?"

"எதைப் பாத்து சிரிக்கறாங்க? போரையா?"

"பேச்சைத்தான். அந்த நாட்டுப்புறப் பேச்சு இருக்கே, பிரமாதம்."

திரும்பி வரும் வழியெல்லாம் பனி. ஒரு வார்த்தைகூட மனதில் ஓடவில்லை.

1847 ஜனவரி 8

படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

டீக்கன் அவனிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். நான் மறைத்ததில் என்ன பிரயோஜனம்? கத்தினேன். மேல்தோலைத் தூக்கி எறிந்தேன். போகாதடா, போகாதடான்னு எழுதின பாட்டுடா அதெல்லாம், ஒனக்காகத்தாண்டா எழுதினேன், ஒருத்தனுக்கும் இல்ல, ஒனக்குத்தான்!

"தெரியும்க்கா" என்றான். "முதல் பாட்டுலயே தெரியும். நம்ம வீட்ல யார் இப்படிக் குத்திக் குத்திப் பேசுவா?"

"தெரிஞ்சா ஏன் போற?"

"வேலை இல்ல. ரெண்டு பேர் பட்டினி. நான் போனா ஒருத்தருக்காவது சோறு." நான் எறிந்த மேல்தோலைப் பொறுக்கிக்கொண்டே, "குச்சிப் பாட்டு நல்லா இருந்துச்சு. அது நான் எழுதினதுன்னு ஊர் சொல்றப்ப, பொய்தான், ஆனா ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு" என்றான்.



ஜனவரி 11

போனான். வண்டி நிறைய எங்கள் ஊர்ப் பையன்கள். புல்வெளியில் டீக்கன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "கிண்டல் பண்ணினவனே கடைசில சரியான பக்கம் வந்துட்டான் பாருங்க!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சைலஸ் தபித்தாவின் முதல் பாட்டைச் சொன்னான். போகிற பையன்கள் சேர்ந்து சொல்லிச் சிரித்தார்கள், லெம் உட்பட. 'அதுபோதும்டி' என்று கத்திக்கொண்டே வண்டி திரும்பியது.

ஜனவரி 18

டீக்கன் சொன்ன சொல் தவறவில்லை. தோல் வண்டி வாசலில் நின்றது. நான் கதவைத் திறக்கவில்லை.

வைக்கோல் தொப்பி பின்னக் கற்றுக்கொள்கிறேன். விரல் கிழிகிறது.

பிப்ரவரி 21

கப்பல் புறப்பட்டுவிட்டதாம்.

ஜூன் 3

லெமின் கடிதம். இன்னும் ஒரு எதிரியைக்கூடப் பார்க்கவில்லையாம். "பேதிதான் இங்கே ஜெனரல்" என்று எழுதியிருக்கிறான். போட்டிருக்கும் ஷூ மூன்றாம் மழையில் வாய் பிளந்துவிட்டதாம். எங்கள் டீக்கன் கடைச் சரக்கு. "தைத்தது யார் என்று திருப்பிப் பார்த்தேன், நாம் இல்லை, நிம்மதி."

சிரித்துவிட்டேன். தனியாக ஒரு வீட்டில் சத்தமாகச் சிரித்தால் எவ்வளவு பயமாக இருக்கிறது.

ஜூன் 20

எழுத உட்கார்ந்தேன். தபித்தா வந்தாள். மகனிடமிருந்து கடிதம் வந்த பெருமையை ஊருக்குச் சொல்ல வந்தாள். நாலு வரி. நல்ல நாலு வரி. அடுப்பில் போட்டேன். என் தம்பியை வைத்து அவளைப் பேசவிட மாட்டேன்.

அக்டோபர் 30

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

நவம்பர் 25

நன்றி கூறும் நாள். சின்னக் கோழி ஒன்று. யாரும் கூப்பிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், டீக்கன் வீட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

1848 ஜனவரி 14

ஹலாப்பா என்ற ஊர். நவம்பர் 9. பேதியும் காய்ச்சலும். மலைச்சரிவில் மற்ற பதினோரு பேரோடு ஒரே குழி. கூட இருந்த பையன் எழுதியிருக்கிறான். கடைசியில் அக்கா என்றானா, தண்ணி என்றானா என்று சரியாகக் கேட்கவில்லையாம். நேர்மையான பையன். பொய் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 15

நான்தான்.

ஜனவரி 16

நான் ஒரு எட்டு வச்சிருந்தா. மாவுக் கையோட ஒரே ஒரு எட்டு. அப்ப அவர் நம்பியிருக்க மாட்டாரா? அவர் நம்பாட்டி என்ன, லெம் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காதே. பதினாலு நாள் கழிச்சுப் போய் அழுதா யார் நம்புவா?

மார்ச் 2

சமாதானம் வரப்போகிறதாம். பாதி மெக்சிகோவை எழுதி வாங்கிக்கொண்டார்களாம். பத்திரிகையில் பிளாட் ஒரு பக்கம் முழுக்கத் தபித்தாவின் பாட்டுகளை மறுபடி போட்டிருக்கிறார். மேலே தடித்த எழுத்தில்: நாட்டுக்காக உயிர் நீத்த நம் கவிஞர், காலம் சென்ற லெமுவேல் நட்டிங்.

குச்சிப் பாட்டும் இருந்தது. இப்போது எந்தப் பட்டறையிலும் யாரும் கோபப்படவில்லையாம். எழுதினவன் செத்துவிட்டானே. வாசித்து நன்றாகச் சிரித்தார்களாம்.

ஏப்ரல் 10

தொப்பி வாங்குகிறவர் இனி வர மாட்டார். கப்பலில் மலிவுத் தொப்பி வந்து இறங்குகிறதாம்.

ஏப்ரல் 27

சர்ச் தோட்டத்தில் லெமுக்குக் கல் வைக்கிறார்கள். குழி அங்கே, கல் இங்கே. டீக்கன் தன் செலவு என்கிறார். கல்லில் நாலு வரி வேண்டும், தம்பி விட்டுப்போன காகிதங்களில் ஏதாவது இருந்தால் கொடு என்று சைலஸை அனுப்பினார்.

காகிதம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று எனக்கு வரிகள் வந்தன. தபித்தா இல்லை. யாரையும் கிண்டல் செய்யவில்லை. நான் பேசுகிற மாதிரியே, நானே.

*எங்க லெம் இங்கன இல்ல, எங்கயோ மலையில கெடக்கான்.*
*யாரயும் அவன் சுடல, அவனயும் யாரும் சுடல.*
*வயிறுபோயிச் செத்தான் பய, வயசு இருவத்தஞ்சு.*
*அவன அனுப்பிவிட்டவ இன்னும் இங்கதான் இருக்கா.*

மே 1

காலையில் காகிதத்தை நானே டீக்கனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல் வெட்டுகிற ஆளோடு தோட்டத்தில் நின்றிருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்ல உதடசைத்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது லெம் எழுதினது இல்லையே?"

"இல்ல. நான் எழுதினது."

"அதான் பாத்தேன்." காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடினார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். "நீ நம்பாட்டியும் சொல்றேன், இது உனக்கு வராதும்மா. அவன் எழுதியிருந்தா சிரிச்சிருப்போம்."

கல்லில் பைபிளின் சங்கீதத்திலிருந்து ஒரு வசனம் வெட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்தபோது தோல் வண்டி வாசலில் நின்றிருந்தது. தோலை இறக்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.